வடக்கே ஏறும் சூறாவளிகள்: கேள்வி பதில்

2022இல் ஃபியோனா சூறாவளி கனடாவை அடித்தது பருவநிலை மாற்றத்தாலா? ஆமா, இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் சார்.

இரண்டில் ஒன்றைச் சொன்னால் பொய்யாகிவிடும். அது கரையேறிய கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவுக்குச் சூறாவளி புதிதல்ல; 2003இல் ஹுவான், 2019இல் டோரியன் வந்துபோயின. பொதுவாகக் கடல்நீர் 26.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சூறாவளிக்குத் தீனி கிடைக்கும். கனடா பக்கத்துக் குளிர்ந்த நீருக்கு வந்ததும் சோர்ந்துவிடும். அந்த செப்டம்பரில் அங்கே கடல் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. அதில் புவி வெப்பத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் மேல்வளிக் காற்றோட்டம் ஒன்றும் வந்து சேர்ந்துகொண்டு ஃபியோனாவை ஊதிப் பெருக்கிவிட்டது. அது அந்த வாரத்து வானிலை, அவ்வளவுதான். கரையேறும்போது அதன் நடுவில் காற்றழுத்தம் சுமார் 932 மில்லிபார்; இது குறையக் குறையப் புயலுக்கு வலு அதிகம். கனடாவில் இவ்வளவு குறைவாக எந்தப் புயலிலும் பதிவானதில்லை.

அண்ணை, 1954இல ஹேசல் எங்கட டொராண்டோவையே மூழ்கடிச்சது. கனடாவில 81 சனம் செத்தது. அப்ப எங்க இருந்தது இந்தப் புவி வெப்பம்?

நியாயமான கேள்வி. டொராண்டோவின் ஹம்பர் ஆற்றங்கரையில் ஒரு தெருவின் பாதியே அடித்துப் போனது. அதனால்தான் "சூறாவளி ஏன் வந்தது?" என்று நான் கேட்பதில்லை. அதே ஹேசல் இன்று வந்தால் எவ்வளவு கூடுதலாகக் கொட்டும் என்று கேட்கலாம். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும்.

எண்ணிக்கை கூடுகிறதா?

உலக அளவில் கூடியதாகத் தெளிவாகத் தெரியவில்லை. வலுவானவற்றின் விகிதம் கூடியிருக்கிறது.

2012இல் சாண்டி வந்தபோது நியூயார்க் சுரங்க ரயிலுக்குள் கடல் புகுந்ததே, அது?

இதில் எனக்குத் தயக்கம் குறைவு. 1900க்குப் பிறகு அங்கே கடல்மட்டம் சுமார் 30 செ.மீ. உயர்ந்திருக்கிறது, அதாவது ஒரு சாணுக்குச் சற்று மேல். நிலம் தாழ்வதும் அந்தக் கணக்கில் உண்டு. மிச்சம் வெப்பத்தின் வேலை. படிக்கட்டு வாசலில் ஒரு சாண் என்பது தண்ணீர் உள்ளே இறங்குமா, வெளியே நிற்குமா என்பதையே மாற்றிவிடும்.

26.5 டிகிரி என்றீர்கள். 2017இல் அயர்லாந்து போன ஒஃபீலியா அதைவிடக் குளிர்ந்த நீரில்தானே பலம் பிடித்தது?

பிடித்துவிட்டீர்கள்! அட்லாண்டிக்கில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் (ஐந்து வகை வலுவில்) மூன்றாம் வகைச் சூறாவளியானபோது அதன் கீழே நீர் சுமார் 25 டிகிரிதான். மேலே காற்று மிகவும் குளிர்ந்திருந்ததால் அந்தச் சூடே போதுமானதாக இருந்தது. ஆக 26.5 என்பது கைக்கணக்கு, சட்டமில்லை. அந்தப் புயல் சகாராத் தூசியையும் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கக் காட்டுத்தீப் புகையையும் இழுத்து வந்ததில் லண்டனில் பட்டப்பகலில் சூரியன் செக்கச்செவேலென்று தெரிந்தது.

பிரின்ஸ் எட்வர்ட் தீவின் 'டீக்கப்' பாறையை ஃபியோனா கொண்டுபோய்விட்டதாமே?

ஆமாம். மெல்லிய காம்பின் மேல் கோப்பை வைத்தது மாதிரி நின்ற சிவப்பு மணற்பாறை. புயலுக்கு மறுநாள் பார்த்தால் இடமே வெறுமை. என்றைக்காவது விழவேண்டியதுதான், அலை அரித்துக்கொண்டே இருந்தது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் கடற்பனி கரையைச் சுற்றி வேலி போட்டு அலையைத் தடுக்கும். இப்போது அந்தப் பனி குறைந்து வருகிறது.