சிஸ்டரிடம் கேளுங்கள்: கீமோ வார்டில் துணைக்கு இருப்பவர்களுக்கு

இந்தத் தடவை வந்த கடிதங்களில் காய்ச்சல்தான் அதிகம். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று ராத்திரி 101 காய்ச்சல். பாராசிட்டமால் கொடுத்ததும் இறங்கிவிட்டது. இன்று காலை மறுபடி ஏறியிருக்கிறது. வியாழக்கிழமை ஓ.பி. இருக்கிறது, அதுவரை பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. கடிதம் எழுதிக் கேட்கிற விஷயமா தம்பி இது? கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். ரத்தப் புற்றுநோய் என்றால் அது இன்னும் நீளும். அந்த நாட்களில் தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்குமே தவிர, கிருமியைத் தொடாது. குளிர் நடுக்கம் எடுத்தால் 100.4 வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மதுரை டாக்டரைத்தான் பார்ப்பேன் என்று மூன்று மணி நேரம் காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயைத் திறந்ததும் முதல் வார்த்தையாக, "கீமோ பேஷண்ட், பத்தாவது நாள், கவுண்ட் இறங்கியிருக்கும்" என்று சொல்லுங்கள். கவுண்ட் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை. கையில் டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கட்டும். என்ன கிருமி என்று பார்க்க ரத்த கல்ச்சர் எடுத்து, ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் ஏறிய பிறகு மதுரைக்குப் பேசிக்கொள்ளலாம். அந்த சம்மரியை நான்கு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றைத் தலைமாட்டிலேயே வையுங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: சித்திக்கு கேன்சர். என்ன சாப்பிடலாம்? மீன் கொடுக்கலாமா?

என்ன கேன்சர், என்ன மருந்து ஓடுகிறது, கவுண்ட் எவ்வளவு, ஒன்றுமே எழுதவில்லை. பொதுவாகத்தான் சொல்ல முடியும். மீன் தாராளமாகக் கொடுங்கள், அந்த நேரத்தில் உடம்புக்குப் புரதம் வேண்டும். விளைமீன், பாறை, சங்கரா எதுவானாலும் அன்று பிடித்தது, அன்றே வைத்தது, நன்றாக வெந்தது, சூடாகக் கொடுக்கிறது. நேற்று வைத்த மீன் குழம்புக்கு ருசி அதிகம்தான். அதை நீங்கள் சாப்பிடுங்கள், சித்திக்கு வேண்டாம். நண்டும் கணவாயும் அரைவேக்காடாக இருக்கக் கூடாது. கருவாட்டைக் கவுண்ட் ஏறும்வரை தள்ளி வையுங்கள், வாய்ப்புண் இருந்தால் அந்த உப்பைத் தாங்க முடியாது. பதநீர், ரோட்டோரத்தில் சீவி வைத்த நுங்கு, வெட்டி வைத்த பழம் எதுவும் கூடாது. குடிதண்ணீரைக் காசு கொடுத்து வாங்கும் ஊர் நம்முடையது. கேன் தண்ணீரானாலும் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுங்கள்.

வாய்ப்புண்ணுக்கு, ஒரு லிட்டர் ஆறிய வெந்நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கலந்து, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கட்டும். விழுங்கக் கூடாது. முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். டாக்டருக்குத் தெரியாமல் ஒரு மடக்கும் கொடுக்காதீர்கள். கீமோ மருந்துகளில் பலவற்றைக் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அதன் தலையில் இன்னொன்றையும் கட்டாதீர்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: நாங்கள் அண்ணன் தம்பி நான்கு பேர். அம்மாவுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்), மதுரையில் சேர்த்திருக்கிறோம். நாளுக்கு ஒருவர் என்று முறை வைத்துத் துணைக்கு இருக்கிறோம். ஆனாலும் சிஸ்டர்கள் எங்களைத் திட்டுகிறார்கள். இது நியாயமா?

நியாயம்தான். நானாக இருந்தாலும் திட்டியிருப்பேன்.

முறை வைத்ததில் தப்பில்லை. ஆள் மாறும்போது விவரம் கைமாறவில்லை, தப்பு அங்கேதான். வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்டு அலுத்த பதில் ஒன்று உண்டு: "தெரியாது சிஸ்டர், நான் இப்பத்தான் வந்தேன்." ராத்திரி எத்தனை தடவை வயிற்றால் போனது? தெரியாது. வாந்திக்கு முன்னால் மாத்திரை போட்டாரா, பிறகா? தெரியாது. அலர்ஜி என்று எந்த மருந்தை நேற்று நிறுத்தினார்கள்? அது அண்ணனுக்குத்தான் தெரியும். அண்ணன் விடியற்காலை பஸ்ஸில் ஏறிவிட்டார், போன் ஸ்விட்ச் ஆஃப். ரவுண்ட்ஸில் டாக்டர் ஒரு கட்டிலருகே நிற்பது இரண்டு மூன்று நிமிஷம். அந்த நேரம் முழுக்க நீங்கள் போனைக் காதில் வைத்து அண்ணனைத் தேடிக்கொண்டிருந்தால் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். சாயங்காலம் என்னிடம் வந்து, "டாக்டர் எதுவுமே சொல்லலையே" என்பீர்கள்.

கடையில் ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு நாள். நேரம், காய்ச்சல், குடித்தது எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு, வயிற்றால் போனது எத்தனை தடவை, வாந்தி, கொடுத்த மாத்திரை. கடைசியில் டாக்டர் சொன்னது, அவருடைய வார்த்தையிலேயே. சிறுநீரை அளக்கக் கோடு போட்ட கேன் மருந்துக் கடையில் கிடைக்கும். "கொஞ்சம் போனார்", "நல்லாப் போனார்" என்பதெல்லாம் அளவாகாது.

சார்ட் எழுதுவது சிஸ்டர் வேலைதானே என்பீர்கள். எழுதுகிறோம். நாற்பது கட்டிலுக்கு ராத்திரியில் இரண்டு பேர் இருந்துகொண்டு எழுதுகிறோம். திருப்பாலைக்குடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கணவருக்குத் துணையாக இருந்தாள். அவருக்கும் லிம்போமா, வயிற்றில் பெரிய கட்டி. முதல் கீமோவின் இரண்டாம் நாள் சாயங்காலம் நோட்டைத் திறந்தபடி எங்கள் மேசைக்கு வந்தாள். சிறுநீர், காலை 6 மணி 200 மில்லி, 10 மணி 150, மதியம் 2 மணி 50, 6 மணிக்கு ஒரு கோடு மட்டும். எதிர்ப்பக்கத்தில், டிரிப்ஸும் குடித்ததும் சேர்த்து இரண்டரை லிட்டர். "உள்ள போறது வெளிய வரல சிஸ்டர்" என்றாள். கட்டி மளமளவென்று கரையும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தில் ஏறி, சிறுநீரகம் அடைபடும். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தோம், பொட்டாசியம் ஏறித்தான் இருந்தது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். அன்று ராத்திரியே வைத்தியம் ஆரம்பித்துவிட்டார்கள். விடியும்வரை விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பது சந்தேகம்.

நான்கு பேர் வேண்டாம், இரண்டு பேர் போதும். ஆளுக்கு ஒரு வாரம். மாறுகிற அன்று அரை நாள் இரண்டு பேரும் வார்டில் இருந்து, நோட்டைப் படித்துக் காட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். மருந்து ஏறுகிற நாட்களில் ஆளை மாற்றவே கூடாது. மற்ற இரண்டு பேருக்கும் பணம், இன்சூரன்ஸ், ரத்தம் என்று வேலை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து ஊரைத் திரட்டிக்கொண்டு வருகிற வேலையை மட்டும் யாரும் செய்ய வேண்டாம். பார்க்க வருகிற பெரியப்பாவின் இருமல் உங்கள் அம்மாவுக்கு நிமோனியா.

இன்னொன்று. நான்கு அண்ணன் தம்பி என்று ஆரம்பித்தீர்கள். ராத்திரியில் கூட இருப்பது உங்கள் அக்கா என்று கடிதத்தின் அடியில்தான் வருகிறது. பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்களை விட மாட்டார்கள், அது புரிகிறது. அவருக்கு யார் முறை மாற்றுவது? நான்கு மருமகள்களில் ஒருவர்கூடவா கிடைக்கவில்லை?

பாம்பனிலிருந்து: தம்பிக்கு பிளேட்லெட் ஏற்ற வேண்டும் என்கிறார்கள். பத்துப் பையன்கள் தயாராக இருக்கிறார்கள். எல்லோரையும் ஒரே வண்டியில் அனுப்பிவிடட்டுமா?

நல்ல மனசு, ஆனால் தப்பான கணக்கு. எடுத்து வைத்த பிளேட்லெட்டுக்கு ஆயுள் 5 நாள்தான். பத்துப் பேரும் ஒரே நாளில் கொடுத்தால் அடுத்த வாரம் யாரிடம் போவீர்கள்? ரத்த வங்கியில் கேட்டு இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள். மெஷினில் ஒருவரிடமிருந்து எடுக்கும் பிளேட்லெட், சாதாரண முறையில் ஐந்தாறு பேரிடம் எடுப்பதற்குச் சமம். அதற்கு வருபவருக்கு எடை 50 கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், கையில் நல்ல நரம்பு வேண்டும், மூன்று நாளுக்குள் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது, முந்தின ராத்திரி குடித்திருக்கக் கூடாது. புதிதாகப் பச்சை குத்தியவர் ஒரு வருஷம் கழித்து வரட்டும்.

இதை மட்டும் மறக்காதீர்கள். தம்பிக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் யோசனை இருந்தால், கூடப்பிறந்த நீங்கள் இப்போது ரத்தமோ பிளேட்லெட்டோ கொடுக்கக் கூடாது. உங்கள் ரத்தத்துக்கு எதிராக அவர் உடம்பு இப்போதே பழகிக்கொண்டால், பிறகு உங்கள் மஜ்ஜையை ஏற்காமல் போகலாம். மற்ற ரத்த சொந்தங்கள் கொடுத்தால், கொடுத்த ரத்தத்துக்குக் கதிர்வீச்சு காட்டிய பிறகே ஏற்ற வேண்டும். சொந்தம் என்பதை ரத்த வங்கியில் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து: கையில் பிக் லைன் (கீமோ ஏற்ற நரம்புக்குள் போட்ட நீளக் குழாய்) இருக்கிறது. தை அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட வேண்டுதல். பிளாஸ்டிக் கவர் சுற்றிக்கொண்டு இறங்கலாமா?

கூடாது. 22 தீர்த்தமும் லைன் எடுத்து, கவுண்ட் ஏறிய பிறகு. மொட்டை போடுவதாக வேண்டியிருந்தால் போடுங்கள், சவரக் கத்தி வேண்டாம், டிரிம்மர்.

கீழக்கரையிலிருந்து: உம்மாவுக்கு கீமோ நடக்கிறது. ரமலானில் நோன்பு வைத்தே தீருவேன் என்கிறார்.

அந்த நாட்களில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் கெடும், மாத்திரை நேரமும் தவறும். நோயாளிக்குச் சலுகை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். நான் சொன்னால் கேட்க மாட்டார், உங்கள் ஆலிம் ஒருவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். நோன்புக் கஞ்சியை மட்டும் நிறுத்த வேண்டாம். காரம் இல்லாமல், வீட்டில் காய்ச்சி, வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாய்ப்புண்ணுக்கு அதைவிட இதமான சாப்பாடு கிடையாது.

விசைப்படகுத் தொழிலாளி ஒருவர்: மனைவிக்கு மூன்றாவது கீமோவை ஏப்ரல் 15 வரை தள்ளிப்போடலாமா? அப்போது மீன்பிடித் தடைக்காலம், நான் வீட்டில் இருப்பேன்.

61 நாள் தடை விசைப்படகுக்கு, புற்றுநோய்க்கு இல்லை. 21 நாளுக்கு ஒரு தடவை என்று வைத்திருப்பது, நல்ல அணுக்கள் தேறிய பிறகும் கெட்ட அணுக்கள் தேறுவதற்கு முன்னாலும் அடுத்த அடி விழ வேண்டும் என்பதற்காக. தள்ளிப்போடுவதை டாக்டர் முடிவு செய்வார், அதுவும் கவுண்ட் பார்த்து. கடலுக்குப் போவது வாரத்தில் மூன்று நாள்தானே? அந்த மூன்று நாளுக்கு மாமியாரைக் கூப்பிடுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து: அம்மாவிடம் கேன்சர் என்று சொல்லவில்லை. முடி கொட்ட ஆரம்பித்தால் என்ன சொல்லிச் சமாளிப்பது?

அவர் படுத்திருக்கும் வார்டின் போர்டை அவரும் படித்திருப்பார். டாக்டரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

தொண்டியிலிருந்து: பிரெட்னிசோலோன் ஆரம்பித்ததிலிருந்து கணவர் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார், தூங்குவதும் இல்லை.

அது ஸ்டீராய்டு, அந்த மாத்திரையின் வேலை இது, சண்டைக்குப் போகாதீர்கள் அம்மா. காலையில் சாப்பிட்ட பிறகு கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், ராத்திரித் தூக்கம் கொஞ்சம் தேறும். சர்க்கரையையும் ஏற்றும், பார்த்துக்கொள்ளுங்கள். எரிச்சல் தாங்காமல் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது.

சாயல்குடியிலிருந்து: காப்பீட்டுத் திட்டத்துக்கும் ரயிலுக்கும் என்ன செய்ய வேண்டும்?

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வருமான வரம்பு 1,20,000 ரூபாய். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே போங்கள், பில் கட்டிவிட்டு வந்து என்னைக் கேட்காதீர்கள். ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ரிசர்வேஷன் கவுண்டரில் கொடுக்க வேண்டும். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.