கோடையில் நிறம் மாறும் கிணற்று நீரும் வீட்டுத் தோட்டமும்

கேள்வி: எங்கள் வீடு காரிமங்கலம் பக்கம் உள்ளது. வீட்டுக்குப் பின்புறம் 12 அடி விட்டமும் 45 அடி ஆழமும் கொண்ட பழைய கிணறு ஒன்று இருக்கிறது. வீட்டுப் புழக்கம், 12 சென்ட் தோட்டம் இரண்டும் இந்த ஒரு கிணற்றை நம்பித்தான். தோட்டத்தில் நான்கு தென்னை, ஓர் எலுமிச்சை, கறிவேப்பிலை, ஒரு வரிசை குண்டுமல்லி, மீதியில் கத்தரி, தக்காளி, அவரை. மாசி பிறந்ததும் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், பழுப்பு நிறமும் ஒருவித வாடையும் வந்துவிடுகின்றன. வாளியில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய் போல ஏடு படிகிறது. மல்லி வெளுக்கிறது, எலுமிச்சை இலை ஓரம் கருகுகிறது, சொட்டுநீர்க் குழாய் அடைத்துக்கொள்கிறது. 900 அடிக்கு போர் போட்டு, அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விட்டுவிடலாம் என்று என் மகன் சொல்கிறான். அது சரியா? இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா? ஆர்.ஓ. கருவி வாங்கினால் அதிலிருந்து வெளியேறும் நீரைச் செடிகளுக்கு விடலாமா?

பதில்: போர் போடும் யோசனையை இந்தக் கோடைக்கு ஒத்தி வையுங்கள் அம்மா. செலவை எண்ணி மட்டும் இதைச் சொல்லவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைக் கடினப் பாறை. இந்தப் பாறையில் தண்ணீர் நிற்பது மேலே சிதைந்து இளகிய பகுதியிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் வெடிப்புகளிலும்தான். ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறைவதால் 900 அடியில் புகை மட்டும் வருவதற்கும் வாய்ப்பு உண்டு. தண்ணீர் கிடைத்தாலும் அது பாறையோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த நீராக இருக்கும். பாறையிலுள்ள தாதுக்கள் கரைந்து சோடியமும் பைகார்பனேட்டும் ஏறிய நீரில் சுண்ணாம்புச் சத்து சுக்கான் கல்லாகப் படிந்து வெளியேறிவிடும். ஃப்ளூரைடைப் பிடித்துப் படிய வைப்பது அந்தச் சுண்ணாம்புச் சத்துதான் என்பதால், அது குறைந்த நீரில் ஃப்ளூரைடு தடையின்றிக் கரைந்து நிற்கும். ஆகவே நம் பக்கத்தில் சோடா உப்பும் ஃப்ளூரைடும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. முதலாவது மண்ணைக் கெடுக்கும், இரண்டாவது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். அப்படிப்பட்ட நீரைக் கிணற்றில் கொண்டுவந்து கலந்தால், இப்போது ஓரளவு நன்றாக உள்ள மேல்மட்ட நீரும் கெட்டுப்போகும். எல்லா ஆழ்துளைக் கிணறும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் முடிவெடுக்கும் முன் உங்களுக்குப் பக்கத்து நிலத்தில் ஆழமாகப் போட்ட போர் இருந்தால், அதிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் நிலத்தில் என்ன வரக்கூடும் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்ததாக, உங்களுக்கு உண்மையில் தண்ணீர்ப் பற்றாக்குறை இருக்கிறதா என்று கணக்குப் பார்க்க வேண்டும். 12 அடி விட்டக் கிணற்றில் ஓரடி உயரத் தண்ணீர் ஏறக்குறைய 3,200 லிட்டர். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் மோட்டாரைப் போடுவதற்கு முன் மீண்டும் அளந்து பாருங்கள். இரவில் ஓரடி ஊறியிருந்தாலே 3,200 லிட்டர் வந்திருக்கிறது என்று பொருள். தோட்டத்தின் தேவை அதைவிடக் குறைவு. கடுங்கோடையில் சொட்டுநீரில் ஒரு தென்னைக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர் போதும், ஆக நான்குக்கும் 260 லிட்டர். காய்கறிப் பாத்திக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 60 சதுர மீட்டருக்கு 300 லிட்டர். எலுமிச்சை, கறிவேப்பிலை, மல்லி எல்லாம் சேர்ந்து இன்னும் 150 லிட்டர் வரை ஆகலாம். மொத்தம் 700 லிட்டரைச் சுற்றித்தான் நிற்கும். இவ்வளவு ஊற்று இருந்தும் கிணறு வற்றுகிறது என்றால், சொட்டுநீர் அடைத்துக்கொண்டதும் வாய்க்காலில் திறந்துவிட்டுப் பாய்ச்சுவதே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். மரத்தடிகளிலும் பாத்திகளிலும் கேழ்வரகுத் தாள், நிலக்கடலைத் தொலி, தென்னை ஓலை எது கிடைத்தாலும் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பிவிட்டு, அதிகாலையில் பாய்ச்சுங்கள். அளந்து பார்த்து இரவில் அரையடிகூட ஊறவில்லை என்றால் மட்டுமே தூர் வாருவது, பக்கவாட்டில் சைடு போர் போடுவது ஆகியவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

தூர் வாருவதைத் தண்ணீர் மிகவும் இறங்கியிருக்கும் சித்திரையில் செய்து முடிப்பது நல்லது. ஆளை இறக்கும் முன் எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்கக் கூடாது. ஆனால் டீசல் என்ஜினைக் கிணற்றுக்குள் வைத்து இறைத்தால் சேரும் நச்சுப்புகையை இந்த விளக்கு காட்டாது. எனவே என்ஜினை மேலேயே வைத்து இறைக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் நிற்க வேண்டும்.

இனி நிறத்துக்கும் ஏட்டுக்கும் வருவோம். வாளியில் படிந்த ஏட்டை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பும் இரும்பை உண்டு வாழும் நுண்ணுயிரும் சேர்ந்த படலம். உடையாமல் சுழன்று மீண்டும் ஒன்றுகூடினால் மோட்டாரிலிருந்து எண்ணெய் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு மெக்கானிக்கை அழைக்க வேண்டும். இரும்புதான் என்றால், மோட்டார் நீரை நேரே சொட்டுநீர்க் குழாய்க்கு விடாமல், ஒரு தொட்டியில் உயரத்திலிருந்து தெறித்து விழும்படி விட்டு ஓரிரவு வைத்திருங்கள். காற்றுப் பட்டதும் இரும்பு செந்துருவாக அடியில் தங்கிவிடும். அடியிலிருந்து அரையடி மேலே குழாய் வைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுக்கலாம்.

வாடைக்கு இரும்பு காரணமாக இருக்கலாம், கழிவறைக் குழியும் காரணமாக இருக்கலாம். செப்டிக் டேங்கும் உறிஞ்சு குழியும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். பாறை வெடிப்புள்ள நம் ஊரில் அதற்கு மேலும் தள்ளி இருப்பதே நல்லது. துணி துவைக்கும் கல்லும் மாட்டுக் கொட்டகையும் கிணற்றடியில் இருந்தால் அவற்றை இடம் மாற்றி, சுற்றிலும் சிமெண்ட் தளம் போட்டுச் சரிவை வெளிப்பக்கம் வையுங்கள். தூர் வாரிய பிறகு ஐந்தடித் தண்ணீர் ஊறியதும், அதாவது 16,000 லிட்டருக்கு, நல்ல பிளீச்சிங் பவுடர் 40 கிராம் எடுத்து ஒரு வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேல்நீரை மட்டும் கிணற்றில் ஊற்றிக் கலக்கிவிட வேண்டும். நீர் கலங்கலாக இருந்தால் இந்த அளவு போதாது, இருமடங்காக்கலாம். ஒரு மணி நேரம் கழித்தே புழங்க வேண்டும். இது கிருமியை மட்டுமே கொல்லும். உப்பையோ ஃப்ளூரைடையோ தொடாது.

செடிகள் காட்டும் இரண்டு அறிகுறிகளையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. மல்லியில் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைபாடு. தண்ணீரிலேயே இரும்பு இருக்கும்போது செடிக்கு எப்படிக் குறையும் என்று நீங்கள் கேட்கலாம். பைகார்பனேட் மிகுந்த நீர் பாயும் மண்ணில் காரத்தன்மை ஏறி, அங்குள்ள இரும்பை வேர் எடுக்க முடியாமல் போகிறது. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டுடன் சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாதம் ஒருமுறை மாலையில் இலை நனையத் தெளியுங்கள். எலுமிச்சையில் முதிர்ந்த இலையின் ஓரம் கருகுவது உப்பின் வேலை. எலுமிச்சை, மல்லி, அவரை மூன்றும் உப்பைத் தாங்காதவை. கத்தரியும் தக்காளியும் நடுத்தரம். தென்னை நன்றாகவே தாங்கும். ஆகவே நல்ல நீர் கொஞ்சமாகக் கிடைக்கும் நாளில் அதை எலுமிச்சைக்கும் மல்லிக்கும் ஒதுக்குங்கள். எந்தச் செடிக்கும் இந்த நீரைக் குழாய் பிடித்து இலைமேல் பீய்ச்சாதீர்கள்.

உங்களுடையது வெறும் உப்பு மிகுந்த உவர் நீரா, சோடா உப்பு மிகுந்த களர் நீரா என்பதைப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே நீரால் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி மறுநாளுக்குள் கொடுத்துவிடுங்கள். பாசன நீருக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தையோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். குடிநீருக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. கிருமிச் சோதனைக்கு மட்டும் அவர்கள் தரும் சுத்தம் செய்த புட்டியில்தான் பிடிக்க வேண்டும். பரிசோதனை முடிவில் எஞ்சிய சோடியம் கார்பனேட் (RSC) என்ற வரியைத் தேடுங்கள். லிட்டருக்கு 1.25 மில்லி சமானத்துக்குள் (meq/l) இருந்தால் கவலையில்லை, 2.5-ஐத் தாண்டினால் மண் இறுகத் தொடங்கும். பாய்ச்சிய இடம் காய்ந்தபின் ஓடு கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அதைச் சரிசெய்வது ஜிப்சம். ஒரு மில்லி சமானத்தைக் குறைக்க 1,000 லிட்டருக்கு 86 கிராம் சுத்த ஜிப்சம் தேவை. உங்கள் நீரில் 3 இருந்து அதை 1-க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 700 லிட்டர் வீதம் நான்கு மாதக் கோடைக்கு ஏறக்குறைய 15 கிலோ வரும். கடையில் கிடைக்கும் 70 சதச் சரக்கில் 20 கிலோ வாங்க வேண்டும். இதைத் தொட்டியில் கரைத்தால் சொட்டுநீர்க் குழாய் மேலும் அடைக்கும் என்பதால், மூன்று நான்கு தவணையாகப் பாத்தியில் தூவிக் கொத்திவிடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. பரிசோதனையில் சோடியம் கார்பனேட் எஞ்சவில்லை, வெறும் உப்பு மட்டும் கூடுதல் என்று வந்தால் ஜிப்சம் வீண்செலவு. தொழுவுரமும் மழையுமே அங்கு மருந்து.

சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் முனையான சொட்டுவானில் படிந்திருப்பதைக் கொஞ்சம் சுரண்டி ஒரு கரண்டியில் வைத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. நீரின் கார அமில நிலை (pH) 4-க்கு வரும் அளவுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்து குழாயில் நிரப்பி, ஓரிரவு வைத்து, மறுநாள் முனைகளைத் திறந்து அலசிவிட வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. நுரைக்காமல் செம்பழுப்பு வழவழப்பாக இருந்தால் அது இரும்புப் பாசி, அதற்குப் பிளீச்சிங் பவுடரின் தெளிநீர் போதும். இரண்டையும் ஒரே நாளில் ஒரே குழாயில் விடவே கூடாது. அமிலமும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் சேதாரம் போக 1,800 லிட்டர் இறங்கும். நம் பக்கத்து ஆண்டு மழை சுமார் 850 மில்லிமீட்டர் என்பதால் வருடத்துக்கு 60,000 லிட்டர் கணக்காகிறது. முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்தடுத்த மழையை ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வழியாகக் கிணற்றில் இறக்குங்கள். புரட்டாசி, ஐப்பசியில் விட்ட தண்ணீர் பங்குனி வரை உங்கள் கிணற்றிலேயே காத்திருக்காது. வெடிப்பு வழியாகப் பக்கத்துக் கிணறுகளுக்கும் போகும். ஆனாலும் ஆண்டுதோறும் நல்ல நீர் கலந்து உப்பின் கடுமை தணிவது பெரிய லாபம். வாசல் மழைநீரையும் கொட்டகை மழைநீரையும் மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

குடிப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பருப்பு நன்றாக வெந்து, சோப்பு நன்றாக நுரைத்தால் நல்ல தண்ணீர் என்று நாம் கணிப்பது வழக்கம். சோடா உப்பு நீரிலும் சுண்ணாம்பு குறைவு என்பதால் பருப்பு நன்றாகவே வேகும், ஃப்ளூரைடு கூடுதலாக இருப்பதும் அதே நீரில்தான். இந்திய தர நிர்ணய அளவின்படி ஃப்ளூரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, நீர் வற்றுவதால் செறிவு சற்றுக் கூடவே செய்யும். இந்தக் குறைக்காகவே கொண்டுவரப்பட்டு 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வருமானால், குடிப்பதற்கு மட்டுமல்லாமல் சோறு, களி, குழம்பு ஆகியவற்றுக்கும் அதையே பயன்படுத்துங்கள். பல வீடுகளில் ருசி போதவில்லை என்று குழாய் நீரைக் குளிக்க வைத்துவிட்டுக் கிணற்று நீரைக் குடிக்கிறார்கள். அதை நேர்மாறாக்க வேண்டும். வீட்டில் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஏனெனில் நிலைத்த பற்கள் உள்ளே உருவாகும் வயது அது.

குழாய் நீர் போதுமான அளவு வருமானால் ஆர்.ஓ. கருவி உங்களுக்குத் தேவைப்படாது. அப்படியும் வாங்கினால், அதிலிருந்து கழிவாக வெளியேறும் நீரில் கிணற்று நீரிலுள்ள உப்பும் ஃப்ளூரைடும் செறிந்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எலுமிச்சை, மல்லி, கீரை, தொட்டிச் செடி எதற்கும் அது ஆகாது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தியது போக மிஞ்சியதைத் தென்னைக்கு விடலாம், அதுவும் ஒரே மரத்துக்குத் தொடர்ந்து விடாமல் நான்கு மரத்துக்கும் மாற்றி மாற்றி விட வேண்டும். அந்தக் கழிவுக் குழாய் எக்காரணம் கொண்டும் கிணற்றடியில் போய் முடியக் கூடாது.