இசை மேசை: ஷார்ட் ஸ்கேல் பேஸ் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் பழகுகிறாள். குழுவில் இருக்கும் பேஸில் முதல் ஃபிரெட் பக்கம் விரல் விரியவில்லை, கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கிறது என்கிறாள். ‘ஷார்ட் ஸ்கேல்’ வாங்கச் சொல்கிறார்கள். அது வெயிட்டும் குறைவாக இருக்குமா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: விரல் விரியாதது ஒரு பிரச்சினை, தோள் வலி வேறொரு பிரச்சினை. ஷார்ட் ஸ்கேல் முதலாவதைத் தீர்த்துவிடும். இரண்டாவது, நீங்கள் வாங்கும் கிட்டாரைப் பொறுத்தது.

தலைப்பக்கம் தந்தி ஏறி வரும் சின்னக் கட்டைதான் நட், பாடியில் தந்தியைத் தாங்குவது பிரிட்ஜ். இந்த இரண்டுக்கும் நடுவே தந்தி அதிர்கிற நீளம்தான் ஸ்கேல். 1951-ல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸுக்கு அது 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ்கள் அதே அளவுதான். ஷார்ட் ஸ்கேல் 30 அங்குலத்தை ஒட்டி இருக்கும். கழுத்துப் பகுதியான நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட். முதல் ஃபிரெட்டுக்கும் நான்காவது ஃபிரெட்டுக்கும் உள்ள தூரம் பெரியதில் சுமார் 13 சென்டிமீட்டர், சின்னதில் பதினொன்றரை. உங்கள் மகளின் சுண்டுவிரலுக்கு இந்த ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். மணிக்கட்டை முறுக்காமல் நான்கு விரலையும் நான்கு ஃபிரெட்டில் வைக்க முடியும்.

இனி வெயிட். பிரிசிஷன் பேஸ் பொதுவாக 4 கிலோவை ஒட்டி இருக்கும். 1966-ல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் வகை 30 அங்குலம், பாடியும் சின்னது. ஆனால் முழுக்கட்டை என்பதால் பல சமயம் மூன்றரை கிலோ வந்துவிடும். அரை கிலோதான் மிச்சம். தராசு காட்டுகிற வெயிட்டைவிட, அந்த வெயிட் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கிப்சன் ஈபி-3, எஸ்ஜி பேஸ் வகைகள் 30.5 அங்குலம், பாடி மெல்லியது, தூக்கினால் லேசாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் பாடியின் பின்பக்கம், நெக் சேரும் இடத்தில் இருப்பதால் நெக் முழுவதும் இடப்பக்கம் தள்ளிப்போய் நிற்கும். ஸ்கேல் குறைந்தும் முதல் ஃபிரெட் தூரமாகவே தெரியும். தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சாயும். அதை இடது கை தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டிவரும். தோள் வலி கூடத்தான் செய்யும்.

அதனால் மகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்ட்ராப்போடு மாட்டி, நின்றபடி இரண்டு கையையும் விடச் சொல்லுங்கள். நெக் சற்று மேல்நோக்கி அப்படியே நின்றால் நல்லது. மெதுவாகச் சாய்ந்தால் உள்பக்கம் சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் தாங்கிக்கொள்ளும். சட்டென்று கவிழ்ந்தால் அந்தக் கிட்டார் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஸ்குவையர் மஸ்டாங், ஸ்குவையர் பிராங்கோ, ஐபனெஸ் டால்மன் டிஎம்பி30, மூன்றும் 30 அங்குலம்தான். இவற்றில் மஸ்டாங்கை நான் முதலில் எடுப்பேன். நெக் நட் பக்கம் ஒடுக்கமாக, சின்னக் கைக்குப் பிடிக்க வாகாக இருக்கும். 28.6 அங்குல ஐபனெஸ் மிக்ரோவும் உண்டு. பத்து வயதுக்குச் சரி, 13 வயதுக்கு அவ்வளவு இறங்க வேண்டியதில்லை. அப்புறம், “இது குழந்தைகள் வாசிப்பது” என்று யாராவது சொன்னால் அவளைக் கலங்க விடாதீர்கள். ‘கிரீம்’ ராக் குழுவின் ஜாக் புரூஸ் வாசித்தது ஈபி-3. ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் கையில் இருப்பதும் ஷார்ட் ஸ்கேல்தான்.

கேள்வி: ஷார்ட் ஸ்கேல் வாங்கினேன். இருப்பதிலேயே தடித்த ‘ஈ’ தந்தி மட்டும் தொளதொளவென்று ஃபிரெட்டில் அடித்து இரைகிறது. கிட்டாரில் கோளாறா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. அதே கனமுள்ள தந்தியை அதே சுருதிக்கு முறுக்கினால், 30 அங்குலத்தில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறையும். முதலில் தந்தியை மென்மையாக மீட்டிப் பாருங்கள். ஆம்ப்பில் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளலாம். போதவில்லை என்றால் ‘ஈ’ தந்தியின் கனத்தை 100-லிருந்து 105-க்கு மாற்றுங்கள் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு). ஷார்ட் ஸ்கேலுக்கென்றே வரும் செட்டாக வாங்குங்கள். நீளத் தந்தியை வெட்டி மாட்டினால் தடித்த பாகமே சுருதி முறுக்கும் கீயில் சுற்றிக்கொண்டு சரியாக உட்காராது. ஃப்ளாட்வவுண்ட் தந்தி, அதாவது மேலே தட்டைக் கம்பி சுற்றிய வழவழப்பான தந்தி போட்டால் இந்த அளவில் சத்தம் உருண்டு திரண்டு வரும். என் கை எப்போதும் அதைத்தான் தேடும்.

கேள்வி: வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் மேடைக்கு ஒத்துவருமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: தோளுக்கு அதைவிடச் சுகம் கிடையாது. பாடி உள்ளே வெறும் கூடு என்பதால் இரண்டரை கிலோவுக்குள் அடங்கிவிடும். 1961-ல் ஹாம்பர்க்கில் பீட்டில்ஸ் குழுவின் இடது கைக்காரர் பால் மெக்கார்ட்னி வாங்கியது இந்த 500/1 மாடலைத்தான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் இடது கைக்காரர் பிடித்தாலும் வடிவம் கோணலாகத் தெரியாது. அந்தக் கூடுதான் சிக்கலும்: ஆம்ப்புக்கு நேர் எதிரே நின்று சத்தத்தை ஏற்றினால் ஊளையிடும். இரண்டடி விலகி நில்லுங்கள். பிரிட்ஜ் ஒட்டப்பட்டது அல்ல, தந்திகளின் அழுத்தத்தில் நிற்கும் மரத்துண்டு. எல்லாத் தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் கையோடு வந்துவிடும், அதன் இடம் தப்பினால் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி சேராது. தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள்.