மேட்ரிமோனி தளத்தில் பழகியவர் அனுப்பிய பரிசு கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறதாம், 35,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

கட்டாதீர்கள். அந்தப் பார்சலே கிடையாது.

சுங்க வரி எந்தக் காலத்திலும் தனிநபரின் சேமிப்புக் கணக்குக்கோ ஜிபே எண்ணுக்கோ போகாது. 2019 முதல் சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண எண் இருக்கும். மத்திய மறைமுக வரி வாரியத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு ஃபோன் செய்த 'அதிகாரி'யிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். பதிலுக்கு மிரட்டல்தான் வரும். பெட்டியில் டாலர் கட்டு இருக்கிறது, கள்ளப்பண வழக்கு பாயும் என்பார்கள்.

35,000 கட்டினால் அத்தோடு முடியுமா? அடுத்து அபராதம், அப்புறம் பணப் பரிமாற்றச் சான்றிதழ் என்று தொகை ஏறிக்கொண்டே போகும். போட்டது வீணாகிவிடுமே என்ற தவிப்பில்தான் பலர் அடுத்த தவணையையும் கட்டுகிறார்கள். முதல் தொகையைக் குறைவாகக் கேட்பதே அதற்காகத்தான்.

'படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தில் மட்டும் பழகும்போது ஒருவர் தனக்குச் சாதகமானதை மட்டும், யோசித்துத் திருத்தி அனுப்ப முடியும். தெரியாத மிச்சத்தை நம் மனமே பிடித்த மாதிரி நிரப்பிக்கொள்ளும். அதனால் நேரில் பழகுவதைவிட எழுத்தில் நெருக்கம் வேகமாகக் கூடலாம் என்று ஜோசப் வால்தர் என்ற ஆய்வாளர் 1996-லேயே எழுதினார். மோசடிக்காரர் இதற்கு மேல் ஒன்று செய்வார்: தளத்தைவிட்டு உடனே வாட்ஸ்அப்புக்கு இழுப்பார், 'வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே' என்பார். குறுக்குக் கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது பாருங்கள், ஆபத்து அங்கேதான். வீடியோ காலில் முகத்தைப் பார்த்துவிட்டேன் என்பதும் இப்போது சான்றாகாது. முகத்தை மாற்றிக் காட்டும் மென்பொருள்கள் வந்துவிட்டன.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு, அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றும் கையில் இருக்கட்டும். வங்கிக்கும் சொல்லுங்கள். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். அந்த ஆளிடம் 'போலீசுக்குப் போகிறேன்' என்று சொல்லவும் வேண்டாம், தன் கணக்கைக் காலி செய்துவிடுவார்.

சில வாரம் கழித்து 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்று வேறொருவர் அழைக்கலாம். பெரும்பாலும் அதே கும்பலாகவோ, உங்கள் எண்ணை அவர்களிடம் வாங்கியவராகவோ இருக்கும்.