ஆஸ்துமா மருந்துக்கு அடங்காத இரைப்பு: குழந்தைக்கு வேறு என்ன அடைப்பு இருக்கலாம்?
முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது கேட்டால் அடைப்பு பெரும்பாலும் குரல்வளைப் பக்கம், வெளியே விடும்போது என்றால் மார்புக்குள், இரண்டிலும் கேட்டால் மாறாத குறுகலாக இருக்கலாம்.

அடிக்கடி தவறவிடப்படுவது குரல்வளைக்குக் கீழே வரும் ஹெமாஞ்சியோமா என்ற ரத்தக்குழாய்க் கட்டி. பிறந்த சில வாரங்களில் வளரத் தொடங்கும், குரூப் (வைரஸால் குரல்வளை வீங்கி, குரைப்பது போன்ற இருமல் வரும் நோய்) என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கொஞ்சம் அடங்கிவிட்டுத் திரும்பவும் வரும், அதுதான் ஆபத்தே. தாடை, கீழுதட்டில் சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபியில் உறுதியானால் பெரும்பாலும் ப்ரோப்ரனலால் மருந்திலேயே சுருங்கிவிடும்.

சரி, திட உணவு தொடங்கியதும் விழுங்கத் திணறுகிறதா? மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் சுற்றி இறுக்கும் ரத்தக்குழாய் வளையமாக இருக்கலாம், சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) கேளுங்கள். எக்ஸ்ரே நார்மல் என்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். உதடு நீலமானாலோ விலா உள்வாங்கினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.