வாசகர் கேள்வி பதில்: வேலைக்கு ஆள் குறையும் காலம்

கேள்வி: ஊர்ப் பள்ளிக்கூடங்களில் முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். படித்த பிள்ளைகளே வேலையில்லாமல் இருக்கும்போது பிறப்புக் குறைவது நல்லதுதானே?
– வாசகர், கோப்பாய்

பதில்: நல்லதில்லை. இன்று வேலை தேடித் திரிபவர்கள் 20, 25 வருடங்களுக்கு முன் பிறந்தவர்கள். இப்போது தொட்டில் குறைவதால் அவர்களுக்கு ஒரு வேலையும் கூடுதலாகக் கிடைக்காது. இலங்கையில் 2019இல் சுமார் 3 இலட்சத்து 19 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. 2023இல் அது சுமார் 2 இலட்சத்து 48 ஆயிரம். இந்தப் பிள்ளைகள் உயர்தரம் முடித்து வேலைக்கு வரும் 2040களில்தான் பள்ளம் தெரியும். இன்று நாற்பது வயதில் இருப்பவர்கள் ஓய்வுபெறப்போவதும் அப்போதுதான். பிறப்பு நமக்கு முன்பே குறைந்த யப்பானைப் பாருங்கள்: அங்கே 1990இல் 65 வயது தாண்டிய ஒருவருக்கு உழைக்கும் வயதில் ஏறக்குறைய 6 பேர் இருந்தார்கள்; இப்போது 2 பேர்.

அரச ஓய்வூதியம் அந்தந்த வருட வரிப்பணத்தில் கொடுபடுவது. உழைப்பவர் குறைந்தால் அங்கேதான் முதலில் இறுகும். ஊழியர் சேமலாப நிதி அப்படியல்ல, அது அவரவர் காசு: தொழிலாளி 8, முதலாளி 12 வீதம், 50,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 10,000. ஆனால் ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் மொத்தமாகக் கைக்கு வருவதால் வீடு, சீதனம் என்று கரைந்துவிடுகிறது.

பிறப்பு நாளைக்கே அதிகரித்துவிடாது. கைவசம் உள்ள வழி பெண்கள்தான். நம் நாட்டில் மூன்றில் ஒரு பெண்தான் தொழிற்படையில் இருக்கிறார். வேலைத்தலத்துக்குப் பக்கத்தில் பிள்ளை பராமரிப்பு நிலையம் இருந்தாலே பலர் வருவார்கள்.

கேள்வி: வெங்காயத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க முடியவில்லை. இறைப்புக்கு வரும் ஐயாவுக்கும் 70 வயதாகிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சுன்னாகம்

பதில்: முதலில் இறைப்பை மாற்றுங்கள். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற ஒருவர் மண்வெட்டியோடு வெயிலில் நிற்கவேண்டும். குழாய் வழியே வரும் தண்ணீரை மழைபோலத் தெளிக்கும் தூவல் முறையில் வால்வைத் திறந்து மூட அந்த ஐயாவே போதும். ஆனால் நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீரால் தூவல் வாயில் வெள்ளைப் படிவு கட்டி, தோட்டத்தின் ஒரு பக்கம் காய்ந்துபோகும். வாயைக் கழற்றி வினாகிரியில் சில மணிநேரம் ஊறவிட்டுத் தூரிகையால் தேயுங்கள். கம்பியால் குத்தவேண்டாம், துளை பெருத்தால் தண்ணீர் சீராக விழாது. காலையில் இறையுங்கள். பின்னேரம் தூவினால் இலை இரவு முழுக்க ஈரமாயிருந்து பூஞ்சண நோய் பிடிக்கும்.

நடுகையையும் ஒரே நாளில் முடிக்காமல் மூன்று பங்காக்கி, 10 நாள் இடைவெளியில் நடுங்கள். அறுவடை ஒரே கிழமையில் குவியாது. இருக்கிற ஆட்களே மூன்று பங்கையும் பிடுங்கி முடிப்பார்கள்.