மழைக்கு ஒழுகும் புது கேரவன்: பட்டறைக்காரர் கைவிரித்தால் என்ன செய்வது?

கேள்வி: நாங்கள் தேவகோட்டைப் பக்கம். வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற குடும்பம். மாமியாருக்கு 81 வயதாகிறது, நடக்க முடியவில்லை. அவரையும் கூடவே அழைத்துப் போக வேண்டும் என்று 17 லட்சத்துக்குப் புது வேன் வாங்கி, கரூர்ப் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் 11 லட்சம் கொடுத்துக் கேரவனாக மாற்றினோம். ஆனியில் கைக்கு வந்தது. வேலைக்கு ஒரு வருட வாரண்டி. ஐப்பசி முதல் மழையிலேயே கட்டிலுக்கு மேலே ஒழுகி, கட்டில் பலகை உப்பிவிட்டது. ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடுகிறது. பக்கக் கதவு ஓங்கிச் சாத்தினால்தான் பூட்டுகிறது. இரண்டு முறை பட்டறையில் விட்டோம், இரண்டாவது முறை 19 நாள் வைத்திருந்தார்கள். மேலே சிலிக்கான் பூசித் தந்தார்கள். அடுத்த மழையில் மறுபடி ஒழுகல். "மழைன்னா ஒண்ணு ரெண்டு சொட்டு வரத்தான் செய்யும்" என்கிறார் பட்டறைக்காரர். வேன் விற்ற டீலரோ, "வயரை வெட்டிட்டாங்க, இனி வாரண்டியே கிடையாது" என்கிறார். உள்ளூர் மெக்கானிக்கை வைத்து அடைத்துவிடலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். செட்டிநாட்டு வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கொஞ்சம் காசு எடுக்கலாம் என்கிறான் மகன். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பதில்: ஆச்சி, அந்த "ஒண்ணு ரெண்டு சொட்டு" பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். நான்கு மாத வண்டிக்குள் ஒரு சொட்டுகூட வரக்கூடாது. நீங்கள் சொன்ன மூன்று குறைகளில் கதவும் பேட்டரியும் காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே போன ஈரம் வெயில் அடித்தாலும் லேசில் காயாது. ப்ளைவுட் அடுக்கடுக்காகப் பிரியும், இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், வயர் இணைப்புகளில் பச்சை பூக்கும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருக்கும். அதனால் உங்கள் புகாரில் ஒழுகல்தான் முதல் வரியாக இருக்க வேண்டும். இப்போது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். அவர்கள் கதவை மட்டும் சரிசெய்துவிட்டு "வேலை முடிந்தது" என்று எழுத அது வழிவிடுகிறது.

சொட்டுகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. இது நம் ஊர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் வீட்டின் இரண்டாங்கட்டு, அதாவது இரண்டாவது முற்றப் பகுதியில் ஒரு தாழ்வாரம் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அந்த இடத்துக்கு நேர்மேலே ஓட்டை மாற்றினோம். கடைசியில் ஒரு வயதான கொத்தனார் வந்து அரைநாள் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். முற்றத்தைச் சுற்றி மழைத்தண்ணீரை வாங்கும் தகரம் மூலையில் சேரும் இடத்தில் ஒரு விரிசல் இருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் தேக்குக் கட்டை மேலேயே வழிந்து வந்து, பத்தடி தள்ளிச் சொட்டியிருக்கிறது. உங்கள் பட்டறைக்காரர் செய்ததும் நாங்கள் செய்ததும் ஒன்றே. கறை தெரிந்த இடத்துக்கு மேலே பூசினார், தண்ணீர் வரும் வழியைத் தேடவில்லை.

அந்த வழியை நீங்களே கண்டுபிடிக்கலாம். மழை இல்லாத நாளாகப் பார்த்து, உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவிட்டுச் செய்யுங்கள். கூரையில் துளை போட்டிருக்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரிய இடம்தான்: ஏசி உட்காரும் இடம், காற்றுப் போக்கி, மேல் ஜன்னல், சோலார் தகட்டின் ஸ்குரூக்கள், பக்க ஜன்னல் விளிம்பு. உள்பக்கமாக அந்த ஓரங்களில் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே இருக்கட்டும். இன்னொருவர் வெளியே ஹோஸ் குழாயை மெதுவாகத் திறந்து, கீழிருந்து மேலே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விளிம்பில் மட்டும் பத்து நிமிடம் தண்ணீர் விட வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து, எது எங்கே நுழைந்தது என்றே தெரியாமல் போகும். பவுடரில் ஈரக்கோடு விழுந்ததும் குழாயை நிறுத்துங்கள். அந்தக் கோட்டையும், வெளியே குழாய் நிற்கும் இடத்தையும் ஒரே வீடியோவாக, வெட்டாமல் எடுங்கள். "எங்களிடம் வந்தபோது ஒழுகவில்லையே" என்ற பேச்சுக்கு அந்த வீடியோ பதில் சொல்லும். ஒரு எச்சரிக்கை: சோதனை நடக்கும்போது இன்வெர்ட்டரும் 230 வோல்ட் இணைப்பும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும்.

சிலிக்கான் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய சிலிக்கான் மேல் எதைப் பூசினாலும் சரியாக ஒட்டாது, இன்னொரு சிலிக்கானையும் நம்ப முடியாது. நம் ஊர் வெயிலில் கூரைத் தகடு விரியும், ராத்திரி சுருங்கும். ஓடும்போது வண்டி முறுக்கிக்கொடுக்கும். மேலாகத் தடவிய பூச்சு அதைத் தாங்காமல் விளிம்பில் பிரிந்துவிடும். தண்ணீர் நுழையும் இடத்தில் பொருத்தியிருக்கும் பாகத்தைக் கழற்றி, பழையதைச் சுரண்டி, துடைத்துவிட்டு, அடியில் பியூட்டைல் டேப் (ரப்பர் போன்ற ஒட்டும் பட்டை) வைத்து மறுபடி இறுக்கி, ஓரத்தில் பாலியூரித்தேன் சீலன்ட் (வளைந்துகொடுக்கும் அடைப்புப் பசை) கொடுப்பதுதான் சரியான வேலை. உப்பிய கட்டில் பலகையைக் கழற்றிப் பார்த்து, நனைந்த பகுதியை மாற்ற வேண்டும். அதன்மேல் புது மைக்கா ஒட்டித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிற வேலை அது.

பேட்டரி விஷயத்தில் ஒன்றைக் கேட்க வேண்டும்: அது குறையா, கணக்குப் பிசகா? 12 வோல்ட், 100 ஆம்பியர் பேட்டரியில் இருப்பது 1200 வாட் மணி. சாதாரண ஈய அமில பேட்டரியாக இருந்தால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம், ஆக 600. இன்வெர்ட்டர் சும்மா ஆன் ஆகி நின்றாலே 10 முதல் 20 வாட் வரை தின்னும், பத்து மணி நேரத்துக்கு 200 வரை போகும். சின்ன ஃபிரிட்ஜுக்கு 250 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் ஒரு ஃபேனும் விளக்கும் ஓடலாம். ஒரு டன் ஏசி சுமார் 1000 வாட் இழுக்கும், அதைப் போட்டால் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. ராத்திரி நீங்கள் ஏசி போட்டிருந்தால் பேட்டரி இறங்குவது இயல்புதான். ஆனால் "ராத்திரி முழுக்க ஏசி ஓடும்" என்று கொட்டேஷனிலோ வாட்ஸப்பிலோ அவர் சொல்லியிருந்தால், அந்த வாக்குக்கு அவர் பொறுப்பு. பழைய செய்திகளைத் தேடி எடுங்கள். ஏசி போடாமலே இறங்குகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்த பிறகு எத்தனை ஆம்பியர் போகிறது என்று ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்து அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வயரைத் தொட வேண்டாம், அளந்தால் போதும். கதவு பெரும்பாலும் பூட்டு விழும் தகட்டை நகர்த்திச் சரிசெய்கிற வேலைதான்.

டீலர் சொன்னது பாதி உண்மை. பாடி கட்டும்போது செய்த மாற்றத்தால் வந்த கோளாறுக்கு வேன் கம்பெனி பொதுவாகப் பொறுப்பேற்காது. அதற்காக எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் வாரண்டி எல்லாம் ஒரே வார்த்தையில் போய்விடாது. எந்த வயர், எந்த இடம், எந்த நிபந்தனையின்படி, எந்தப் பாகத்துக்கு வாரண்டி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சுலபமாக "கிடையாது" என்பவர்கள் எழுதச் சொன்னால் வாரண்டி புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். ஏசி, ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பேட்டரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி அட்டை உண்டு. அவை பட்டறையிலேயே தங்கிவிட்டிருக்கலாம், உடனே கேட்டு வாங்குங்கள்.

இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சிலேயே நடந்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான். ரங்கூனில் கடை வைத்திருந்த காலத்தில் அன்றன்றைய பற்று வரவைப் பேரேட்டில் ஏற்றாமல் பெட்டியடியை (கணக்கு எழுத உட்காரும் இடத்தை) விட்டு எழுந்திருக்காத மனிதர்களின் ஊர் இது. சீர் சாமான் பாத்திரத்தில்கூடப் பெயரெழுத்துப் பொறித்து வைக்கிறோம். 28 லட்ச ரூபாய் வண்டிக்கு ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில் என்ன குறை, யாரிடம் சொன்னோம், என்ன பதில், எத்தனை நாள் அவர்களிடம் இருந்தது என்று ஏறட்டும். பட்டறையில் விடும்போதெல்லாம் கிலோமீட்டர் அளவோடு ஜாப் கார்டு (என்ன வேலைக்கு விட்டோம் என்ற சீட்டு) வாங்குங்கள். குறை உங்கள் வார்த்தையில் இருக்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று அவர்கள் எழுதினால் திருத்தச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது தண்ணீர் விட்டுப் பார்க்காமல் "திருப்தி" என்ற இடத்தில் கையெழுத்து வேண்டாம்.

இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்றோடு ஒரு கடிதம் அனுப்புங்கள், அதையே மின்னஞ்சலிலும் போடுங்கள். திட்ட வேண்டாம், நீட்ட வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"தாங்கள் கட்டித்தந்த கேரவனில் கூரை ஒழுகுகிறது. இரண்டு முறை தங்களிடம் விட்டும் சரியாகவில்லை. தண்ணீர் நுழையும் இடத்தின் வீடியோ இணைத்துள்ளேன். கூரையில் பொருத்திய பாகத்தைக் கழற்றிச் சீல் செய்து, நனைந்த பலகையை மாற்றி, என் முன்னிலையில் தண்ணீர்ச் சோதனை செய்து, கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். பட்டறையில் நின்ற நாள்களை வாரண்டியில் சேர்த்து நீட்டித்து எழுத்தில் தரவும். தவறினால் வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவையும் இழப்பீட்டையும் தங்களிடம் கோருவேன்."

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் இன்று அவர் கை வைத்தால், நாளைக்கு "யாரோ பிரித்துப் போட்டார்கள்" என்று பட்டறைக்காரர் விலகிக்கொள்வார். அதுவரை மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள், மெத்தையை எடுத்துவிடுங்கள், பலகையைக் காற்றாட வையுங்கள். மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, அதை யாரும் குறை சொல்ல முடியாது. 15 நாள் கழிந்தும் அசையவில்லை என்றால், இன்ன தேதியில் இன்னாரிடம் சரிசெய்யப் போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் படம், பில், கழற்றிய பலகைத் துண்டு எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

மகனிடம் வாடகைப் பேச்சு இப்போது வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். நுகர்வோர் சட்டம் வணிகத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக எடுத்துக்கொள்ளாது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு. சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு விட்டால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. அப்படியே ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். கேரவனாக மாற்றியது அதில் ஏறியிருக்க வேண்டும், இன்ஷூரன்ஸிலும் தெரிவித்திருக்க வேண்டும். பட்டறைக்காரர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அதுவும் உங்கள் கடிதத்தில் ஒரு வரி.

கடிதத்துக்கும் அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதியுங்கள். அதற்கு அப்புறம் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை கரூரில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பட்டறை வேலை 11 லட்சத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் 400 ரூபாய், வேனையும் சேர்த்து 28 லட்சம் என்றால் 1000 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. குறை தெரிந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. குறையைச் சரிசெய்யச் சொல்லவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் முதலில் கடிதம் என்கிறேன். நீங்கள் வேண்டுவது தீர்ப்பைவிட, தைக்குள் நனையாத ஒரு கட்டில்.

தைப்பூசத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. 15 நாள் கெடு, தேவைப்பட்டால் வெளியே சரிசெய்ய இன்னொரு மூன்று வாரம் என்று வைத்தாலும், மார்கழிக்குள் வண்டி கைக்கு வந்துவிடும். வந்ததும் ஒரு ராத்திரி குன்றக்குடி வரை போய் அங்கேயே தங்கிப் பாருங்கள். பெரிய ஆச்சி அதே கட்டிலில் படுக்கட்டும், பேட்டரி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று நோட்டில் ஏறட்டும். வருகிற ஞாயிறு தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டு, பவுடர் எந்த மூலையில் நனைந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஏசி உட்காரும் இடத்தில்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.